ஐசியூ வாசலில் ஒரு கண்ணீர் அஞ்சலி

கேள்வி: எனக்கு 41 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளித் தோழிகள் 23 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு மூத்த பாடகி இறந்துவிட்டதாக எனக்கு வந்த செய்தியை, அவருடைய பாட்டு ஒன்றையும் சேர்த்து, நான்தான் குழுவில் போட்டேன். அன்று இரவே அவர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்தது. வெட்கமாகப் போய் மெசேஜை அழித்துவிட்டேன். மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம்" என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி "அடுத்து யார்?" என்று கேட்டு, எண்பது வயதைத் தாண்டிய நடிகர் நடிகைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டாள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நானும் யோக்கியம் இல்லை. ஸ்ரீதேவி இறந்தபோது மூன்று நாள் டிவி முன்னாலேயே கிடந்தவள். இப்போதும் பிரபலம் யாராவது இறந்தால் காரணம் தெரியும்வரை மனம் அடங்குவதில்லை. "பிரபலம்னா பேசத்தான் செய்வாங்க" என்கிறான் என் மகன். ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊரே கேள்வி கேட்டதே, அதுவும் தப்பா? எது வரைக்கும் பேசலாம் டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வெட்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. பாட்டையும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். இதே தவறு நாடாளுமன்றத்திலேயே நடந்திருக்கிறது. 1979 மார்ச் 22 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து, மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று அறிவித்தார். அவை அஞ்சலி செலுத்தி ஒத்திவைக்கப்பட்டது. ஜெ.பி.யோ அப்போது பம்பாயில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, அக்டோபர் 8 அன்றுதான் இறந்தார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மெசேஜை அழித்தீர்கள், சரி. தவறு என்று எழுதினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் அழிப்பதற்குள் உங்கள் தோழிகளில் பாதிப்பேர் அதைத் தங்கள் அத்தைக்கும் மச்சினிக்கும் அனுப்பியிருப்பார்கள். இதற்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

நான் திருநெல்வேலியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் 26 வருடமாக வேலை பார்க்கிறவன். இந்த விஷயத்தை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததைவிட, ஐசியூ கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான் அதிகம். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடியவர். சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாத ஊர் கிடையாது. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தார். மகள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் நான் வெளியே வந்தபோது எழுந்து வந்து ஃபோனை நீட்டினாள். "கண்ணீர் அஞ்சலி" என்று ஒரு போஸ்டர். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் எரிகிற குத்துவிளக்கு, அப்பாவின் சிரித்த முகம், கீழே தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே அன்றைய தேதி. படத்தில் அவருடைய தோளை ஒட்டி ஒரு பச்சைப் பட்டுப்புடவையின் கரை கொஞ்சம் தெரிந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைக் காட்டினாள். "இது என் கல்யாணத்துல எடுத்த போட்டோ சார். பக்கத்துல நின்ன என்னை வெட்டிட்டாங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா இருக்காங்கதானே சார்?" என்று கேட்டாள்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவள் உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்துவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கை சூடாக இருந்ததை அவளே தொட்டுப் பார்த்தவள். இருந்தாலும் ஊர் முழுக்கச் சொல்லும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போய் மானிட்டரைக் காட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து அவர் உண்மையாகவே இறந்துபோனார். அவள் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டபோது பாதிப்பேர் கேட்ட முதல் கேள்வி, "நிஜமாவா? போன வாரமே சொன்னாங்களே?" என்பதுதான். ஸ்டேட்டஸ் வைத்து, அவரோடு எடுத்த படத்தைப் போட்டு, நாலு வரி எழுதி முடித்தவர்களுக்கு அது பழைய செய்தியாகிவிட்டது. அப்பா செத்துப்போனதை நிரூபிக்க வேண்டிய நிலைமையில் ஒரு மகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் போஸ்டரைச் செய்தவருக்கு இது இன்றுவரை தெரிந்திருக்காது.

அடுத்து, காரணம் தெரியும்வரை மனம் அடங்குவதில்லை என்கிறீர்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் துட்டி கேட்கப் போவது என்போம். போய் உட்கார்ந்ததும் முதலில் கேட்பதே "என்ன ஆச்சு?" என்றுதான். அந்த வீட்டம்மா, காலையில் எழுந்தாக, காபி குடிச்சாக, நெஞ்சு எரியுதுன்னாக என்று ஆரம்பித்துச் சொல்வார். அன்றைக்கே இருபது தடவை சொல்லியிருப்பார். அடுத்து வருகிறவரிடமும் முதலிலிருந்து சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சாவு அவருக்கே புரிய ஆரம்பிக்கிறது. கேட்பவர்களுக்கும் பயம் கொஞ்சம் குறைகிறது.

ஆனால் அங்கே கதை அந்த வீட்டுக்காரர்களுடையது. அவர் சொல்வார், நாம் கேட்போம். "இல்ல, நான் வேற மாதிரில்ல கேள்விப்பட்டேன்" என்று யாரும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து சொல்வதில்லை. பிரபலங்கள் விஷயத்தில் நாம் துட்டி வீட்டுக்குப் போக முடியாது. "என்ன ஆச்சு?" என்ற கேள்வி மட்டும் நம்மிடம் இருக்கிறது, பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை. அதனால் பதிலையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். இந்தி நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச் 5 அன்று, தனக்கு ஏதோ அரிய நோய் என்று தெரிகிறது, யாரும் ஊகிக்க வேண்டாம், முடிவு வந்ததும் நானே சொல்கிறேன் என்று எழுதினார். அவர் கேட்டது ஒரு வாரம், பத்து நாள். மார்ச் 16 அன்று சொல்லியும்விட்டார், நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் அரிய வகைக் கட்டி) என்று. அந்தப் பதினோரு நாளைக்குள் அவருக்கு மூளையில் புற்றுநோய் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது.

மருத்துவனாக என்னை மிகவும் வருத்திய ஊகம் விவேக்கின் மரணத்தை ஒட்டி வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் பயத்தை விட வேண்டும் என்பதற்காகத்தான் கேமராக்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடிவதற்குள் இறந்துவிட்டார். 59 வயது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயில் நூறு சதவீத அடைப்பு இருந்ததாக, சிகிச்சை தந்த மருத்துவர்கள் 16ஆம் தேதியே சொன்னார்கள்.

நூறு சதவீத அடைப்பு ஒரே நாளில் வருமா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆகவே சொல்கிறேன். ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிவது வருடக்கணக்கில் நடக்கிற வேலை. பாதி அடைத்திருந்தால்கூடப் பலருக்கு ஒன்றும் தெரியாது, மாடிப்படி ஏறுவார்கள், வண்டி ஓட்டுவார்கள். ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைவுக்கட்டிதான் சில நிமிடங்களில் மிச்ச வழியையும் அடைத்துவிடுகிறது. "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தார்" என்று நாம் சொல்வது அதனால்தான். நிறையப் பேருக்கு மாரடைப்புதான் முதல் அறிகுறியே.

இதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. முந்தின நாள் ஊசி, மறுநாள் மயக்கம், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் ஓபிக்கு வழக்கமாக வரும் சர்க்கரை நோயாளி ஒருவர் அந்த வாரம் தடுப்பூசிக்குப் பதிவு செய்திருந்தார். "விவேக்குக்கே அப்படி ஆச்சே டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தானும் போகவில்லை, மனைவியையும் போகவிடவில்லை. மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், இரண்டு பேரும் எங்கள் வார்டுக்கு வந்தார்கள். அவர் வீடு திரும்பினார். அந்த அம்மா திரும்பவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வு அறிக்கை, விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றது. ஏப்ரலில் ஊகத்தை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அக்டோபரில் அதை அனுப்பினார்கள்?

அதே அக்டோபர் 29 அன்று பெங்களூருவில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் போனார். அந்தச் சாவு பற்றிய பேச்சால் ஒரு நல்லதும் நடந்தது. இதயப் பரிசோதனைக்கு அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அவரை முதலில் பார்த்த குடும்ப மருத்துவரின் அலட்சியம்தான் காரணம் என்று இன்னொரு பேச்சு கிளம்பி, அந்த மருத்துவரின் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போலீஸ் காவல் போட வேண்டிவந்தது. ஒரே சாவு, இரண்டு விதப் பேச்சு. "எனக்கும் இப்படி வரலாம், பார்த்துக்கொள்வோம்" என்று நம்மை நோக்கித் திரும்பும் பேச்சை நான் எப்போதும் வரவேற்பேன். "யார் கொன்றது?" என்று அடுத்தவரை நோக்கி விரல் நீட்டும் பேச்சு, கையில் ஆதாரம் இல்லாதபோது எனக்குப் பயம் தருகிறது.

ஸ்ரீதேவிக்கு வருவோம். 2018 பிப்ரவரி 24 இரவு துபாயில் இறந்தார். முதலில் மாரடைப்பு என்றார்கள். 26ஆம் தேதி தடயவியல் அறிக்கை வந்தது: சுயநினைவு இழந்து, குளியல் தொட்டியில் தற்செயலாக மூழ்கி மரணம். 27ஆம் தேதி துபாய் அரசு வழக்குத் துறை விவகாரத்தை முடித்துக்கொண்டது. நீங்கள் டிவி முன்னால் கிடந்த மூன்று நாள் இதுதான். ஒரு தெலுங்குச் சேனல் நிருபர் தொட்டிக்குள் இறங்கிப் படுத்தே காட்டினார். அந்த மூன்று நாளும் அங்கே என்ன நடந்தது என்பது 2023இல் போனி கபூர் ஒரு பேட்டியில் பேசியபோதுதான் பலருக்கும் தெரிந்தது. மனைவியைப் பறிகொடுத்த கையோடு அவரை ஒன்றிரண்டு நாள் விசாரித்திருக்கிறார்கள். பொய் கண்டறியும் சோதனையும் நடந்திருக்கிறது. இந்திய ஊடகங்களிலிருந்து அவ்வளவு அழுத்தம் வருகிறது, வேறு வழியில்லை என்று அதிகாரிகளே அவரிடம் சொன்னார்களாம். ஊடகம் என்று அவர் சொன்னதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாமும் உண்டு. நானும் ஒரு ராத்திரி பார்த்தவன்தான்.

சில குடும்பங்கள் தாங்களே முன்வந்து சொல்வதுண்டு. எஸ்.பி.பி. 2020 ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 25 வரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மகன் சரண் அடிக்கடி வீடியோவில் வந்து அப்பாவின் நிலையைச் சொன்னார். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த எனக்கு, அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியும். அவ்வளவு செய்தும், அடக்கம் முடிந்த சில நாட்களிலேயே, பில் கட்ட முடியாமல் உடலைத் தரவில்லை என்று ஒரு புரளி கிளம்பியது. அவர் மறுபடி கேமரா முன்னால் வந்து உட்கார்ந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. காரியம்கூட முடிந்திருக்காத வீடு அது.

ஜெயலலிதா விஷயத்தில் கேள்வி கேட்டது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. அவர் ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். 2016 செப்டம்பர் 22 இரவு சேர்த்தார்கள். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. 75 நாள் போயிற்று. அந்த நாட்களில் ஆட்சியில் யார் முடிவெடுக்கிறார்கள், அவர் பேசும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை இருந்தது. சொல்ல வேண்டியவர்கள் ஒழுங்காகச் சொல்லவில்லை. முகநூலில் எழுதியவர்களைக் கைது செய்ததால் புரளி அடங்கவும் இல்லை. டிசம்பர் 5 சாயங்காலம் சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல, கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் திரும்ப ஏறியது. இரவு 11.30க்கு இறந்தார் என்ற அறிவிப்பு நள்ளிரவு தாண்டி வந்தது. அந்த ராத்திரியின் குழப்பத்துக்கு மக்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அங்கேயும் இரண்டு இருந்தது. உடல்நிலை என்ன, அதிகாரம் யார் கையில் என்று அரசையும் மருத்துவர்களையும் பார்த்துக் கேட்டது ஒன்று. அந்தக் கேள்விகள்தான் 2017இல் ஆறுமுகசாமி ஆணையம் வரை போய், 2022இல் அறிக்கையாக வந்தன. காலை எடுத்துவிட்டார்கள், இன்னார் தள்ளிவிட்டார்கள் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதியது இன்னொன்று. 2017 பிப்ரவரியில் மருத்துவர்கள் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, கால் எதுவும் அகற்றப்படவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் ஒருவர் இருக்கிறாரா, நாம் அவரைப் பார்த்துத்தான் கேட்கிறோமா என்று நான் எனக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முதலமைச்சர் விஷயத்தில் அப்படி ஆள் உண்டு. ஒரு நடிகையின் மகள் நமக்கு அப்படிக் கடமைப்பட்டவள் இல்லை. உங்கள் மகனிடமும் இதைச் சொல்லுங்கள். நடிப்பை, பேச்சை, வாங்கிய ஓட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அலசட்டும். அவர்களுடைய ரத்தப் பரிசோதனை முடிவு அதில் சேராது. நோயாளி இறந்த பிறகும் அவருடைய ரகசியத்தைக் காப்பேன் என்பது மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியில் இருக்கிறது. ஆகவே நாங்கள் வாயைத் திறக்காதது எதையோ மறைப்பதற்காக என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தற்கொலை என்ற சந்தேகம் இருக்கும் மரணங்களில் மட்டும் நான் கண்டிப்பானவன். அங்கே எப்படி, எதனால் என்ற பேச்சே வேண்டாம். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்த 1962 ஆகஸ்டில் அமெரிக்காவில் தற்கொலைகள் சுமார் 12 சதவீதம் கூடின. நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014இல் இறந்த பிறகும் அப்படியே கூடின. முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் வழிமுறை வகுத்தது. அடுத்த ஆண்டே இந்தி நடிகர் சுஷாந்த் சிங் விஷயத்தில் சேனல்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டன. அவருடைய தோழியை மாதக்கணக்கில் கொலைகாரியாகவே பேசினார்கள். கொலை இல்லை என்று சிபிஐ தன் அறிக்கையைக் கொடுக்க 2025 மார்ச் ஆகிவிட்டது. உங்கள் 23 பேரில் யார் மனசுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அப்படிச் செய்தி வரும் நாளில் குழுவில் ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

இனி அந்த "அடுத்து யார்" பட்டியல். எண்பதைத் தாண்டியவர்களுக்குச் சாவு பக்கத்தில் என்பது யாருக்கும் தெரியாத சேதி இல்லை. அதைப் பேசுவதும் பாவம் இல்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்லி வைத்துவிட்டால், நாளைக்கு அவர் இறந்ததும் மனதில் முதலில் வருவது "நான் சொன்னேன்ல" என்பதுதான். அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நாளில் முதலில் வர வேண்டிய உணர்வு அதுவா? தோழிகளைத் திட்டாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் அம்மா அப்பாவுக்கும் அதே வயது ஆகிறது, அந்தப் பயத்தை வேறு எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவைக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. "எங்கம்மாவுக்கும் எண்பது ஆகுதுடி, இந்த லிஸ்ட் எனக்கு வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். புரிந்துகொள்வார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு சேதி வரும்போது, அது யார் பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தாரா, ஆஸ்பத்திரியின் கையெழுத்துப் போட்ட அறிக்கையா? இரண்டும் இல்லையென்றால் ஒரு மணி நேரம் ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மணி நேரம் பிந்தித் துக்கப்பட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்புறம், முதலில் சொன்னேனே, அந்தத் திருத்தம். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று பார்க்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி குழுவில் எழுதுங்கள்: "போன மாசம் நான் போட்ட செய்தி தப்பு. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். அவங்க நல்லா இருக்காங்க. நீங்க யாருக்காவது அனுப்பியிருந்தா அவங்ககிட்டயும் சொல்லிடுங்க." அதற்குக் கீழே அந்தப் பாட்டை மறுபடி போடுங்கள்.